கடம்பேரியில் கொட்டாத முரசு

மழவராயர் என்று ஒரு ராஜா இருந்தார். நல்லவர்தான், ஆனால் முன்கோபி. எங்கே போனாலும் முன்னால் பன்னிரண்டு முரசுகள் கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் தாம் வந்து சேர்ந்ததை அவரே நம்பமாட்டார்.

ஒரு மார்கழியில் அவர் கடம்பேரி கிராமத்துக்குப் போனார். ஊர் எல்லையிலேயே நாட்டாமை உடையான் ஓடிவந்து, கையெடுத்துக் கும்பிட்டு, முரசுக்காரர்களை நிறுத்திவிட்டார்.

"ஏரி மரங்கள்ல நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டி அடைகாக்குதுங்க சாமி. சத்தம் கேட்டா அத்தனையும் மிரண்டு எழும்பிடும். முட்டை உருண்டு தண்ணியில விழும். குஞ்சைக் காக்கா தூக்கிட்டுப் போயிடும். இந்த மாசங்கள்ல எங்க ஊர்ல கல்யாணத்துக்கே மேளம் கிடையாதுங்க."

வேறு வழியில்லாமல் ராஜா சத்தமின்றி ஊருக்குள் போனார். ஒரு தெருநாய்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

தளபதி வெட்டுமாறனுக்கு அந்த ஏரிமேல் நெடுநாளாக ஒரு கண். அதை வற்றவைத்துக் குதிரை மைதானம் ஆக்க வேண்டுமென்று அவனுக்கு ஆசை. மறுநாள் சபையில் அவன் மெல்ல ஆரம்பித்தான்.

"அந்த ஊருக்கு மகாராஜாவைவிட நாரை பெரிதாகிவிட்டது."

ராஜாவுக்குச் சுருக்கென்றது. "நாளைக்கே மரங்களை வெட்டு. ஏரிக்கரையை உடைத்துவிடு."

சபையில் விகடகவி விடங்கனும் இருந்தான். ராஜாவிடம் துணிந்து வாய்கொடுக்கும் ஒரே ஆள் அவன்தான். கடம்பேரி அவன் மாமியார் ஊர். மரம் விழுந்தால் வீட்டில் சோறு கிடைக்காது. அதுபோகட்டும், சிறகு முளைக்காத குஞ்சுகளை நினைத்தபோது அவனுக்கு உண்மையாகவே மனசு தாங்கவில்லை. ஆனால் கோபத்தில் இருப்பவரிடம் நேராகச் சொன்னால் காரியம் கெட்டுவிடும்.

"நியாயமான தீர்ப்பு, மகாராஜா. நேற்று குறைந்துபோன மரியாதையை இன்றே ஈடுகட்ட வேண்டும். அடுத்து தாங்கள் எங்கே போனாலும் பன்னிரண்டு முரசும் கொட்ட உத்தரவு கொடுங்கள்."

"கொடுத்தேன்" என்றார் ராஜா, மனம் குளிர்ந்து.

மத்தியானம் ராஜா அந்தப்புரம் போனார். ஒன்பது வருஷம் தவமிருந்து பெற்ற பிள்ளைக்கு அப்போது நாற்பது நாள். ராணி அப்போதுதான் அவனைத் தூங்கவைத்திருந்தாள். ராஜா செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பூனைபோல் அடியெடுத்து வைத்தார்.

முரசுக்காரர்களை வாசலில் நிறுத்திவிட்டுப் பின்னாலேயே வந்த விடங்கன் அவர்களுக்குக் கண்ணைக் காட்டினான். பன்னிரண்டு முரசும் ஒன்றாக முழங்கின.

தொட்டிலில் இளவரசன் வீறிட்டான். உள்ளேயிருந்து ராணி வெளியே வந்து நின்ற நிற்பைப் பார்த்து முரசுக்காரர்கள் பின்வாங்கினார்கள்.

"உனக்குப் புத்தி கெட்டுவிட்டதா?" என்று ராஜா பல்லைக் கடித்தார். "பச்சைப்பிள்ளை தூங்குகிற இடத்தில் யாராவது முரசு கொட்டுவார்களா? வருகிறவன் ராஜாவாகவே இருக்கட்டுமே, பிள்ளையைவிடப் பெரியவனா?"

விடங்கன் கைகட்டி நின்றான்.

"உடையானும் அதைத்தான் சொன்னார், மகாராஜா. இங்கே ஒரு தொட்டில். அங்கே நாலாயிரம்."

ராஜா தொட்டில் இருந்த பக்கம் பார்த்தார். கையிலிருந்த செருப்பைப் பார்த்தார். பிறகு ராணிக்குப் பயந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், தோள் குலுங்கியது.

"ஏரியைத் தொடக்கூடாது. முரசு ஊர் எல்லையோடு நிற்கட்டும்" என்று சொல்லிக் கழுத்து மாலையைக் கழற்றி அவனிடம் கொடுத்தார். "எல்லாம் சரி. என் பிள்ளையை எழுப்பியதற்குத் தண்டனை வேண்டாமா?"

"வேண்டும் மகாராஜா. முரசு மரியாதை போய்விட்டதே என்று கவலைப்பட்டவர் தளபதிதான்."

அன்று பொழுது சாய்கிறவரை, ராணி முறைத்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்க, தளபதி வெட்டுமாறன் தொட்டில் ஆட்டிக்கொண்டிருந்தான்.