தளவாய் ஓடிய அரைச் சுற்று

மருதங்கோட்டை அரசர் குணபாலருக்குத் தம் செவலைக் குதிரைமேல் கொள்ளை ஆசை. ஆனால் ஐப்பசி மழையில் அதை லாயத்தில் கட்டியவர், பங்குனி முடியும்வரை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. சித்திரைத் திருவிழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது திடீரென ஏறிச் சவாரி போனார். கோட்டையை ஒரு சுற்று வருவதற்குள் குதிரைக்கு நுரை நுரையாக வேர்த்துக் கொட்டியது.

"ஊர்வலத்திலும் இப்படி வேர்த்தால் என் மானம் என்னாவது?" என்று சபையில் கேட்டார்.

தளவாய் வெங்கலராயர் மீசையை நீவினார். "அது சோம்பல் வேர்வை, மகாராஜா. தினமும் உச்சி வெயிலில் பத்துச் சுற்று ஓட்டுவோம். நின்றால் சாட்டையால் நாலு போடுவோம். வேர்வை தன்னால் நின்றுவிடும். நானே கூட இருந்து பார்த்துக்கொள்கிறேன்."

சபை முழுக்கத் தலையாட்டியது. அவைப்புலவர் அழகியநம்பி மட்டும் தலையாட்டவில்லை. அவர் லாயக்காரர் வீட்டுப் பிள்ளை. வெயிலில் ஓடும் குதிரைக்கு வேர்ப்பது நல்லது, வேர்வை நின்றுபோனால்தான் உயிருக்கு ஆபத்து என்று அறிந்தவர்.

"அரசே, விடியலில் நடத்தி, பிறகு மெல்ல ஓட்டி, உப்பும் தண்ணீரும் கொடுத்து வந்தால் மூன்று வாரத்தில் தேறிவிடும்."

"அதற்குள் திருவிழாவே முடிந்துவிடும். தளவாய் சொன்னதே சரி. நாளைக்கே ஆரம்பியுங்கள்."

மறுநாள் உச்சிப்பொழுதில் அரசர் மதில்மேல் வந்து நின்றார். தளவாய் குடை நிழலில் வசதியாக அமர்ந்தார். அழகியநம்பி குதிரையின் கயிற்றைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார்.

"இது எதற்கு?"

"கூட இருப்பதாக வாக்குக் கொடுத்தீர்களே. குதிரை ஓடும்போது கூட இருப்பதென்றால், கூட ஓடுவதுதானே?"

அரசருக்கு வேடிக்கை பார்க்க ஆசை வந்துவிட்டது. "வாக்கு வாக்குதான், தளவாய். ஓடும்."

தளவாய் ஓடினார். அவர் ஓடிய வேகத்துக்குச் செவலை நடந்தே வந்தது. அரைச் சுற்றில் அவர் மதிலோரம் உட்கார்ந்துவிட்டார். தலைப்பாகையிலிருந்து வேர்வை சொட்டியது. அழகியநம்பி சாட்டையோடு வந்தார்.

"சோம்பல் வேர்வை, அரசே. மருந்தைத் தளவாயே சொல்லியிருக்கிறார்."

"வேண்டாம் புலவரே," என்று தளவாய் மூச்சிரைக்கச் சொன்னார். "ஐந்து மாதம் உட்கார்ந்திருந்த உடம்பு. விடியலில் கொஞ்சம் கொஞ்சமாக நடந்து பழகினால் அல்லவா..." சொல்லும்போதே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அரசருக்கு விளங்கிவிட்டது. "திருவிழாவுக்குப் பல்லக்கில் போகிறேன். குதிரைக்கு மூன்று வாரம் தந்தேன். புலவரே, லாயம் இனி உமது பொறுப்பு. தளவாய்க்கும் மூன்று வாரம் போதுமா?"

"போதாது, அரசே. மூன்று மாதமாவது வேண்டும். குதிரை தின்றது கொள்ளு மட்டும்தானே."

அரசர் விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முத்துமாலையைக் கழற்றிப் புலவர் கழுத்தில் போட்டார். தளவாயைத் தூக்கி நிறுத்தத்தான் நாலு பேர் வேண்டியிருந்தது.