செம்பி வாயை மூடிக்கொண்ட கதை

அந்தக் காலத்தில், வாய் இருந்த எல்லாவற்றுக்கும் பேச்சும் இருந்தது. காக்கை வழி சொல்லும். கழுதை வம்பளக்கும். ஆடுகள் ஓயாமல் புலம்பும்.

சாத்தையா என்ற கீதாரியிடம் நூற்றைம்பது ஆடுகள் இருந்தன. அறுவடை முடிந்த வயல்களில் ஆடுகளை இராத்தங்க வைத்துக் கிடை போடுவது அவன் பிழைப்பு. வயலுக்கு உரம், அவனுக்கு நெல். ஒரு வயல் முடிந்தால் அடுத்த ஊர். கூடவே மனைவி பூவாயியும், காவலுக்குச் செம்பி என்ற நாயும் நடப்பார்கள்.

ஆடுகள் பேசுவதைச் சாத்தையா காதில் போட்டுக்கொள்வதே இல்லை.

“கீதாரி, நான் செத்தேன். எனக்கு நாலு காலும் விழுந்துபோச்சு” என்று ஒரு கிழட்டு ஆடு தினமும் காலையில் சொல்லும். சொல்லும்போதே அதன் வாயில் கடலைக்கொடி தொங்கும்.

“செத்தவளுக்கு எதுக்குடி கடலைக்கொடி?” என்பான் சாத்தையா.

அதனால் அவனே பார்த்துவிடுவான். பொழுது சாயும் முன் ஒவ்வோர் ஆடாக இழுத்து மடியில் சாய்த்து, கண் இமையைப் புரட்டுவான், உதட்டைத் தூக்குவான், குளம்பிடுக்கைத் தடவுவான். காதுமடலில் உண்ணி இருந்தால் பிடுங்கி எட்ட எறிவான்.

செம்பி விஷயம் வேறு. “கிழக்கால ரெண்டு நரி” என்று அவள் சொன்னால் ரெண்டுதான், கிழக்கேதான். அப்படிப்பட்டவளை எதற்குத் தொட்டுப் பார்க்க வேண்டும்? போகிற போக்கில் கேட்பான்.

“ஏத்தா செம்பி, நல்லா இருக்கியா?”

“இருக்கேன் ஐயா.”

அதோடு சரி.

கிடைக்காரர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. கிடை பெயரும் நாளில் நடக்க முடியாத உருப்படியை, ஆடோ நாயோ, அந்த ஊரிலேயே யாரிடமாவது ஒப்படைத்துவிட்டுப் போவார்கள். போன பங்குனியில், கால் ஒடிந்த ஒரு கிடாயைச் சாத்தையா உழுது பிழைக்கும் ஒரு சம்சாரியின் தொழுவத்தில் விட்டான். “திரும்பி வரும்போது கூட்டிக்கிறேன்டா” என்றான். அவர்கள் வழி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஊர் எல்லை தாண்டும்வரை கிடா கத்தியதைச் செம்பி கேட்டுக்கொண்டே நடந்தாள்.

அந்த ஆண்டு கோடை முற்றியது. பக்கத்தில் புல் இல்லை. நாலு நாள் நடையில் ஒரு கண்மாய், அதன் நீர் வற்றிய உள்வாயில் இன்னும் பச்சை இருக்கிறது என்று காக்கை சொல்லிப் போயிற்று. கிளம்ப வேண்டியதுதான்.

அந்தச் சமயத்தில் செம்பி அடிக்கடி காதை உதறினாள். கஞ்சியில் பாதியைக் காக்கைகளுக்கு விட்டாள். குடத்தடி ஈரத்தைத் தேடிப் போய்ப் படுத்தாள். இவ்வளவையும் சாத்தையா கண்டான். கண்டான் என்பதுதான் பின்னால் அவனை அரித்தது.

பூவாயி சொன்னாள்: “அவ மொகமே சரியில்ல. ஆட்டுக்கெல்லாம் வாயைப் பொளந்து பாக்குறீகளே, இவளை ஒருநா பாத்தா கை தேஞ்சிருமா?”

“இரு, கேட்டுருவோம்” என்றான். கேட்டான்.

“செம்பி, ஒடம்புக்கு ஏதும் செய்யுதா? நாலு நாள் நடை. முடியலேன்னா இப்பவே சொல்லிரு. இந்த ஊர்ல யாருகிட்டயாவது விட்டுட்டுப் போறேன்.”

செம்பியின் காதுக்குள் அந்தக் கிடா கத்தியது. அவள் எழுந்து நின்று வாலை ஆட்டினாள்.

“எனக்கென்ன ஐயா? கல்லு மாதிரி இருக்கேன்.”

நாய் மனிதனிடம் சொன்ன முதல் பொய் அது.

“கேட்டுக்கிட்டியா?” என்று பூவாயியைப் பார்த்தான் சாத்தையா.

“நான் கேக்கச் சொல்லல. பாக்கச் சொன்னேன்.”

முதல் நாள் செம்பி மந்தைக்கு முன்னால் போனாள். இரண்டாம் நாள் பக்கத்தில் வந்தாள். மூன்றாம் நாள் பின்னால் வந்தாள். உச்சிப்பொழுதில் ஒரு பனையோரம் ஒன்றுக்குப் போனவள், அங்கேயே மடங்கிப் படுத்துவிட்டாள். மண்ணில் கிடந்த ஈரம் கருப்பட்டித் தண்ணீர் நிறத்தில் இருந்தது.

“நீங்க போங்க ஐயா. மூச்சு வாங்கிட்டு வந்துர்றேன்.”

சாத்தையா குனிந்து அவள்மேல் கை வைத்தான். எத்தனையோ வருஷம் அவனோடு நடந்தவள். அவள் விலா எப்படி இருக்கும் என்று அவன் கைக்குத் தெரியவில்லை. மயிருக்கு அடியில் எலும்பு எலும்பாகத் தட்டியது. உடம்பு கொதித்தது. உதட்டைத் தூக்கினான். சிவந்திருக்க வேண்டிய ஈறு சுண்ணாம்பு போல வெளுத்திருந்தது. காதை மடக்கினான். உள்ளே ஆமணக்குக் கொட்டைகளைக் கொட்டி வைத்ததுபோல் உண்ணி. கால்விரல் இடுக்கிலும் உண்ணி.

எங்கிருந்து இத்தனை வந்தன? சாத்தையாவின் கை தானாக ஒருமுறை எறிவதுபோல் அசைந்து நின்றது. ஆட்டுக் காதிலிருந்து பிடுங்கிப் பிடுங்கி அவன் எறிந்த இடம், கிடை ஓரம். செம்பி காவலுக்குப் படுக்கிற இடமும் அதுதான்.

“ஏன்த்தா சொல்லல?”

“சொன்னா விட்டுட்டுப் போயிருவீக.”

அவன் சூடான மணலில் அப்படியே உட்கார்ந்தான். அன்றைக்கு அவன் கேட்டது கேள்வியா, மிரட்டலா? உண்மை தெரிந்துவிடக் கூடாது என்றுதானே அப்படிக் கேட்டான்?

கிடை அந்தப் பனையடியிலேயே நின்றது. பூவாயி நடந்துபோய்ப் பக்கத்து ஊர் வைத்தியரை அழைத்து வந்தாள். அவர் ஈறுகளை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, “இது நேத்து வந்ததில்லையே கீதாரி” என்றார். அவர் மருந்து அரைத்துக் கொடுத்தார். சாத்தையா உண்ணிகளை ஒவ்வொன்றாக எடுத்தான். இந்தமுறை எட்ட எறியவில்லை, நெருப்பில் போட்டான். பூவாயி கஞ்சித் தெளிவைச் செம்பியின் நாக்கில் சொட்டுச் சொட்டாக விட்டாள்.

ஆடுகள் கருவேலங்காயைத் தின்று இளைத்தன. “ஒரு நாய்க்காக நூத்தம்பது பேரு பட்டினியா?” என்று கிழட்டு ஆடு நியாயம் கேட்டது.

“நீதான் என்னைக்கோ செத்துட்டியே, உனக்கு ஏன் பசிக்குது?” என்றாள் பூவாயி.

பல நாள் எந்தப் பக்கமும் சாயாமல் கிடந்தது செம்பியின் உயிர். இருபத்திரண்டாம் நாள் காலையில் காக்கைகள் வந்து செம்பியின் கஞ்சிச் சட்டியை எட்டிப் பார்த்தன. சட்டி காலியாக இருந்தது. சாத்தையா ஓடிப்போய் உதட்டைத் தூக்கினான். ஈறுகளில் லேசாகச் சிவப்பு ஓடியிருந்தது.

“இனிமே எதுவா இருந்தாலும் எங்கிட்டச் சொல்லிரணும். என்ன?” என்றான்.

செம்பி தலையை மட்டும் தூக்கினாள்.

“சொல்ல மாட்டேன் ஐயா. நீங்க கேக்குறப்பல்லாம் நல்லா இருக்கேன்னுதான் எனக்கு வரும். உங்ககூட வரணும்கிற ஆசை வலியைவிடப் பெருசா இருக்கு. இந்த வாயை நம்பாதீக. நான் இதை மூடிக்கிறேன்.”

“அப்ப எனக்கு எப்படித்தா தெரியும்?”

“ஆட்டுக்குத் தெரிஞ்சுக்கிறீகல்ல?”

அவள் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். அதற்குப் பிறகு அவன் எவ்வளவு கூப்பிட்டும் வாலை மட்டும் ஆட்டினாள். அன்று சாயங்காலம் ஆடுகளை இழுப்பதற்கு முன்னால், சாத்தையா செம்பியின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். காது, ஈறு, வயிறு, விரலிடுக்கு என்று மெல்லத் தடவிக்கொண்டே போனான். அவள் கண்ணை மூடிக்கொண்டு காட்டினாள்.

கிடைக்குக் கிடை செய்தி போயிற்று. மற்ற நாய்களும் தங்கள் மனத்தைக் கேட்டுப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொன்றாக வாயை மூடின. ஆடுகள் பேச்சை விட்டது வேறு காரணத்துக்காக; அது வேறு கதை.

அன்று முதல்தான், உடம்பு எவ்வளவு நொந்தாலும் நாய் நம்மைக் கண்டதும் எழுந்து வாலை ஆட்டுகிறது. கை வைத்துத் தேடுகிறவன் மடியில் மட்டும் தலையைச் சாய்த்துக் காதைக் காட்டுகிறது.