பீட்ரூட் ஆன கத்திரிக்காய்

டிசைன் வகுப்பில் மங்கையர்க்கரசிதான் மூத்த மாணவி. வயது நாற்பத்தாறு. ஆசிரியர் அன்செல்முக்கு இருபத்தேழு. அவள் அவரை 'சார்' என்பாள். அவர் அவளை 'அக்கா' என்பார். இரண்டு பேருக்கும் இதில் சங்கடம் ஏதுமில்லை.

ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் அவள் கேட்டாள்.

"சார், அறுபதாயிரத்துக்குள்ள ஒரு லேப்டாப். எதை வாங்கட்டும்?"

"வீட்ல யாரையும் கேக்கலையா?"

"கேட்டேனே. பையன் கிராஃபிக்ஸ் கார்டைப் பாருங்கறான். அவன் ஃப்ரெண்டு ரேம் எவ்வளவுன்னு பாருங்கறான். என் கொழுந்தன் இருக்கறதுலயே விலை கூடினதா வாங்கச் சொல்றார். அவரா பணம் தரப்போறார்?"

அன்செல்ம் சிரித்தார். "பஷீராக்கா லேபிள் என்னாச்சு?"

அவள் முகம் சுருங்கியது. அது அவளுக்குக் கிடைத்த முதல் வேலை. பஷீரா அதே தெருக்காரி, கத்திரிக்காய் தொக்கு போட்டு விற்கிறவள். பாட்டிலில் ஒட்டும் லேபிளுக்காக மங்கையர்க்கரசி மகனின் பழைய லேப்டாப்பில் பத்து நாள் உட்கார்ந்து ஒரு கத்திரிக்காய் வரைந்தாள். திரையில் பளபளவென்று ஊதா.

"அச்சுல பீட்ரூட்டா வந்துடுச்சு சார். 'நான் தொக்கு விக்கிறேனா, பீட்ரூட் அல்வா விக்கிறேனா'ன்னு கேக்கறா. சனிக்கிழமைக்குள்ள சரி பண்ணலேன்னா வேற ஆளைப் பார்த்துக்குவாளாம்."

"அந்த லேபிள் இருக்கா?"

"ஐந்நூறு இருக்கு. பின்பக்கம் மளிகை லிஸ்ட் எழுதிக்கிட்டிருக்கேன்."

"ஒண்ணு எடுத்துக்குங்க. ஃபைலை பென் டிரைவ்ல போட்டுக்குங்க. நாளைக்குக் கடைக்குப் போவோம்."

"நிறத்தைத் திருத்திட்டுக் கொண்டு வரவா?"

"வேண்டாம். தப்பா வந்த அதே ஃபைல்."

மறுநாள் கடையில் விற்பனையாளர் ஓடிவந்தார்.

"ஸ்டூடண்ட் டிஸ்கவுண்ட் இருக்கு மேடம். பொண்ணோட ஐடி கார்டு இருக்கா?"

"எனக்குப் பொண்ணு கிடையாது. ஸ்டூடண்ட் நான்தான்." கார்டை மேஜைமேல் வைத்தாள்.

விற்பனையாளர் அன்செல்மைப் பார்த்தார்.

"நான் வாத்தியார்," என்றார் அன்செல்ம்.

அறுபதுக்குள் ஆறு லேப்டாப் இருந்தன. முதலாவதில் ஒவ்வொரு எழுத்துக்கும் அடியில் ஒரு கலர் லைட்.

"இருட்டுலகூட டைப் பண்ணலாம் மேடம்."

"என் வீட்ல கரண்ட் இருக்குப்பா. இந்தப் பென் டிரைவ்ல இருக்கற படத்தைக் காட்டு."

கத்திரிக்காய் ஜொலித்தது. இரண்டாவதில் அதைவிட. ஐந்தாவதில், இப்போதுதான் செடியிலிருந்து பறித்து எண்ணெய் தடவி வைத்ததுபோல.

"டிஸ்ப்ளேன்னா இதுதான் மேடம்!"

மங்கையர்க்கரசிக்கு வாயெல்லாம் பல். அன்செல்ம் தலையாட்டிவிட்டு நகர்ந்தார்.

ஆறாவது மூலையில் இருந்தது. சாம்பல் நிறம், தடி உடம்பு, லைட் கிடையாது. ஃபைலைத் திறந்தார்கள்.

பீட்ரூட்.

"ஐயே! இதுல என் படம் கேவலமா இருக்கு. மூடு, மூடு!"

"அது கொஞ்சம் டல்லா தெரியும் மேடம்," என்று விற்பனையாளர் மூடப்போனார்.

அன்செல்ம் கையைக் குறுக்கே நீட்டினார். "லேபிளைக் கொடுங்கக்கா."

அதைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தார். திரையில் ஒரு பீட்ரூட், காகிதத்தில் ஒரு பீட்ரூட். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன.

மங்கையர்க்கரசி இரண்டையும் பார்த்தாள். திரும்பி, ஜொலிக்கிற ஐந்து கத்திரிக்காய்களையும் பார்த்தாள்.

"ஆனா சார், அந்த அஞ்சுலயும் எவ்வளவு அழகா வரைஞ்சிருக்கேன் பாருங்க!"

"ஆமாக்கா. அந்த அஞ்சும் சொல்லாததை பஷீராக்கா சொன்னாங்க. இது அச்சடிக்கிறதுக்கு முன்னாடி, கடையிலேயே சொல்லிடுச்சு."

மங்கையர்க்கரசி தன் ஐடி கார்டை எடுத்து, அந்தச் சாம்பல் லேப்டாப்பின்மேல் வைத்தாள்.