ஆஸ்ரிக்கின் தோள் அளவு

டேனியர்கள் கப்பலேறி வந்து சாக்சன்களின் இங்கிலாந்தைப் பிடித்து, அங்கேயே குடித்தனமும் நடத்த ஆரம்பித்திருந்த காலம். கிழக்குக் கரையில் ஒரு மணல்திட்டின் மேல் கன்னியர் மடம் ஒன்று இருந்தது. கடல் இறங்கியிருக்கும்போது மணலில் நடந்தே போய்விடலாம். கடல் ஏறினால் மடம் தீவாகிவிடும்.

அந்த மடத்துக் கன்னியர் அரசர்களுக்கு இரண்டே துணிகள் தைப்பார்கள். முடிசூட்டுக்குத் தங்க நூல் வேலை செய்த போர்வை. அடக்கத்துக்கு ஒரு வேலையும் செய்யாத வெள்ளைத் துணி. இரண்டையும் ஒரே சுருளிலிருந்துதான் வெட்டுவார்கள்.

அந்த வருஷம் டேனிய அரசன் இறந்தான். வெள்ளைத் துணி தைத்துக் கொடுத்தாகிவிட்டது. தங்க நூல் போர்வைக்கு இன்னும் கத்தரி வைக்கவில்லை. யாருக்கு என்று தெரிந்தால்தானே வைக்க முடியும்?

மடத்துத் தலைவியின் பெயர் தாய் வெர்பா. அவரிடம் சீடராக வந்து சேர்ந்திருந்தவள், இறந்த அரசனின் மனைவி கிஸ்லா. சீடர் குருவைவிடப் பத்து வயது மூத்தவள். வந்த முதல் நாள் ஜெபத்தில் முழங்காலுக்கு மெத்தை கேட்டாள்.

"தரைதான். பழகிவிடும்" என்றார் தாய் வெர்பா. அவர் யாரையும் நீ என்றுதான் சொல்வார், ராணியானாலும் சமையல்காரியானாலும்.

ஒரு நாள் காலை, தையல் அறையில் தாய் வெர்பா நூல் பிரித்துக்கொண்டிருந்தார். கிஸ்லா வந்து எதிரே நின்றாள்.

"தாயே, ஒரு கேள்வி."

"கேள்."

"அரச சபைப் பெரியவர்கள் அக்கரையில் கூடாரம் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். சாகும்போது அரசர் எந்த மகனின் பெயரைச் சொன்னார் என்று நான் சொல்ல வேண்டுமாம். நான் சொல்கிற பெயருக்குத்தான் கிரீடம்."

"அவர் சொன்னாரா?"

"தண்ணீர் கேட்டார்."

"அதைப் போய்ச் சொல்லேன்."

"தண்ணீருக்கா முடிசூட்டுவார்கள்?"

தாய் வெர்பா சிரித்துவிட்டார். கிஸ்லா சிரிக்கவில்லை. ஆண்கள் பத்துப் பேர் கூடியும் முடிவெடுக்க முடியவில்லை என்றால், அதை ஒரு பெண்ணின் தலையில் கட்டுவார்கள். பிறகு அவள் சொன்னதுதான் தப்பு என்றும் சொல்வார்கள். இரண்டு ராஜாக்களுக்கு வாழ்க்கைப்பட்டவளுக்கு இது தெரியாதா?

மூத்த மகன் ஆஸ்ரிக், முதல் கணவரான சாக்சன் அரசருக்குப் பிறந்தவன். அந்தக் கணவர் போரில் விழுந்தார். ஜெயித்து வந்த டேனியன் நாட்டோடு சேர்த்து ராணியையும் எடுத்துக்கொண்டான். ஆனால் அடுத்தவன் பிள்ளை தன் வீட்டில் வளரக் கூடாது என்றான். ஆறு வயது ஆஸ்ரிக்கைக் கடலுக்கு அப்பால், அவளுடைய அண்ணன் வீட்டுக்குக் கப்பலேற்றினார்கள். மறு வருஷம் தோர்கில் பிறந்தான். அவன் டேனியனின் பிள்ளை, இவள் மடியிலேயே வளர்ந்தவன்.

இப்போது தோர்கில் நகரத்துக் கோட்டையில் படையோடு இருக்கிறான். ஆஸ்ரிக் வடக்கே ஆற்றுமுகத்தில் கப்பல்களோடு வந்து நிற்கிறான்.

"ஒருவன் பெயரைச் சொன்னால் மற்றவன் சாவான்" என்றாள் கிஸ்லா. "சொல்லாமல் விட்டால் இரண்டு பேரும் வெட்டிக்கொண்டு சாவார்கள். எந்தப் பெயரைச் சொல்வது, தாயே?"

தாய் வெர்பா ஒரு நீள நூலை உருவினார்.

"போர்வைக்கு அளவு வேண்டும். முதலில் அதைக் கொடு."

"நான் நாட்டைப் பற்றிக் கேட்கிறேன்."

"நான் தோளைப் பற்றிக் கேட்கிறேன். தோர்கிலுக்கு என்ன அளவு?"

"தோளுக்குத் தோள் இரண்டு சாண், நாலு விரல்" என்றாள் கிஸ்லா, யோசிக்காமலே. "இடது பக்கம் கொஞ்சம் இறக்கி வைக்க வேண்டும். சின்னதில் குதிரையிலிருந்து விழுந்து தோள் சரிந்துவிட்டது. கழுத்தில் உறுத்தினால் கழற்றி எறிந்துவிடுவான், கழுத்துப் பட்டியை மெத்தென்று தையுங்கள்."

தாய் வெர்பா நூலில் முடிச்சுப் போட்டு மேசை மேல் வைத்தார். இன்னொரு நூலை உருவினார்.

"ஆஸ்ரிக்?"

கிஸ்லாவின் கை எழுந்து அவள் இடுப்பருகில் நின்றது. அங்கே ஒரு குழந்தையின் தலை இருப்பதுபோல உள்ளங்கை குவிந்திருந்தது. பிறகு அவளே அதைப் பார்த்தாள். கையை மேலாடைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"எனக்கு எப்படித் தெரியும்? இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது."

"வடக்கு ஆற்றிலிருந்து ஒருவன் வந்து, விடிந்ததிலிருந்து வாசலில் நிற்கிறான். போய்ப் பார்."

"ஆஸ்ரிக்கின் தூதனா? இவ்வளவு நேரம் ஏன் சொல்லவில்லை?"

"ஜெபத்தில் இருந்தாய். நூலை எடுத்துக்கொண்டு போ."

"அளவெடுக்கச் சகோதரி மில்டாவை அனுப்புங்களேன்."

"நீ போ."

கிஸ்லா கதவு வரை போனாள்.

"கிஸ்லா."

"என்ன?"

"முக்காடு போட்டிருக்கிறான். எடுக்கச் சொல்."

வாசலில் காற்று ஆளைத் தள்ளியது. வந்தவன் சுவரோரம் நின்றிருந்தான். கன்னியர் கொடுத்த பார்லிக் கஞ்சி கையில் ஆறிப்போயிருந்தது. ஒரு வாய்கூடக் குடித்திருக்கவில்லை.

"ஆஸ்ரிக்கின் ஆள் நீதானா?"

"அவரோடு எப்போதும் இருப்பவன், அம்மா."

"ராணி என்று சொல். யாரிடம் பேசுகிறாய் என்று தெரிகிறதா, இல்லையா?"

"தெரிகிறது, ராணி."

"முக்காட்டை எடு."

எடுத்தான். செம்பட்டை முடி, வெட்டாத தாடி, கடல் வெயிலில் உரிந்த மூக்கு. அவன் அசையாமல் நின்று அவளையே பார்த்தான். கிஸ்லாவும் பார்த்தாள். படைவீரன் முகம். இப்படி எத்தனையோ பார்த்தாயிற்று. நூலைப் பிரித்தாள்.

"உன் தலைவன் உன்னைவிட உயரமா, குட்டையா?"

"என் உயரம்தான்."

"உடம்பு?"

"என் சட்டை அவருக்குச் சரியாக இருக்கும்."

"நல்லதாகப் போயிற்று. திரும்பு."

திரும்பினான். அவள் ஒன்றும் சொல்வதற்கு முன்பே இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினான், சட்டை மாட்டிவிடக் காத்திருக்கும் பிள்ளைபோல.

"தோளுக்குத்தானே அளவு? கையை இறக்கு. இதென்ன பழக்கம்?"

"சின்ன வயதுப் பழக்கம். போகவில்லை."

கிஸ்லா அவன் தோளில் நூலை வைத்து இழுத்தாள். ஒரு முனையில் முடிச்சு, மறுமுனையில் முடிச்சு. கை கச்சிதமாக வேலை செய்தது.

"என் தலைவர் ஒன்று கேட்டு வரச் சொன்னார்" என்றான் அவன், திரும்பாமலே. "கப்பலேற்றிய அன்று, வசந்தத்தில் வந்து கூட்டிப் போகிறேன் என்று சொன்னீர்களாம். எந்த வசந்தம் என்று கேட்கச் சொன்னார்."

"தூது வந்தவனுக்குக் கிண்டல் வேறா?"

"கேட்கச் சொன்னதைக் கேட்டேன்."

"அழுகிற பிள்ளையைக் கப்பலேற்ற என்ன சொல்வார்கள்? எதையாவது சொல்லித்தான் ஏற்ற வேண்டும். அதை இத்தனை வருஷம் ஞாபகம் வைத்துக்கொண்டிருக்கிறானா?"

"வைத்துக்கொண்டிருக்கிறார்."

கிஸ்லாவின் குரல் கொஞ்சம் இறங்கியது. "இதோ பார். நீ அவனோடு இருப்பவன், நல்லபடியாக எடுத்துச் சொல். கப்பல்களைத் திருப்பிக்கொண்டு போகச் சொல். கடலுக்கு அப்பால் நல்ல நிலமாகப் பார்த்துத் தரச் சொல்கிறேன். தோர்கிலை எனக்குத் தெரியும். எதற்குக் கோபப்படுவான், எதற்கு அடங்குவான் எல்லாம் தெரியும். ஆஸ்ரிக்கை எனக்குத் தெரியாது. தெரியாதவன் கையில் நாட்டை எப்படிக் கொடுப்பேன்?"

அவன் முக்காட்டை மறுபடி போட்டுக்கொண்டான். கஞ்சிக் கிண்ணத்தைச் சுவர் மேல் வைத்தான், கவனமாக, சிந்தாமல்.

"வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா, ராணி?"

"கடல் ஏறப்போகிறது. சீக்கிரம் போ."

அவன் போனான்.

கிஸ்லா உள்ளே வந்து நூலை மேசை மேல் போட்டாள்.

"இந்தாருங்கள், ஆஸ்ரிக்கின் அளவு."

தாய் வெர்பா நூலைத் தொடவில்லை.

"யாரை அளந்தாய்?"

"வந்தவனைத்தான். அவனும் ஆஸ்ரிக்கும் ஒரே உடம்பாம். சரியான கிறுக்கன். தோள் அளவுக்குக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான்."

"தூக்கச் சொன்னாயா?"

"நான் எங்கே சொன்னேன்? அவனாகவே..."

கிஸ்லா நிறுத்தினாள்.

கப்பலேற்றிய அன்று குளிர் அதிகம். இரண்டு சட்டைகள் மாட்டிவிட்டாள், ஒன்றின் மேல் ஒன்றாக. அழுதுகொண்டேதான் நின்றான். ஆனாலும் சொல்லாமலே கையைத் தூக்கினான், இரண்டு தடவையும்.

அவள் ஓடினாள். ஜெபத்துக்கு மெத்தை கேட்ட முழங்கால் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. வாசலைத் தாண்டி மணலுக்கு வந்தபோது மணல் இல்லை. சாம்பல் நிறத்தில் தண்ணீர் சுற்றிக்கொண்டு ஏறியது. அக்கரையில் ஒருவன் குதிரையின் சேணத்தை இறுக்கிக்கொண்டிருந்தான்.

"ஆஸ்ரிக்!"

காற்று எதிர்க்காற்று.

"ஆஸ்ரிக்! நான்தான்! திரும்பிப் பாருடா!"

இடுப்பளவு தண்ணீர் வரை போனாள். சகோதரிகள் இரண்டு பேர் வந்து பிடித்து இழுத்தார்கள். குதிரை வடக்கே போய்ச் சின்னதாகி மறைந்தது.

ஈரத்துணியோடு அவளைத் தையல் அறையில் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். பல் அடித்துக்கொண்டது. தாய் வெர்பா தன் கம்பளியை எடுத்து அவள் மேல் போட்டார்.

"உங்களுக்குத் தெரியும்" என்றாள் கிஸ்லா.

"தெரியும். வந்ததுமே சொன்னான். சொல்லாதே என்று வாக்கும் வாங்கிக்கொண்டான்."

"எதற்கு வந்தான்?"

"அம்மா என்னைப் பார்த்து அடையாளம் தெரிந்துகொண்டால் அதுவே போதும், கப்பல்களைத் திருப்பிவிடுகிறேன், தம்பியே ஆளட்டும் என்றான்."

"தெரியாவிட்டால்?"

"அதை நானும் கேட்டேன். பிறகு அந்தச் சிம்மாசனத்தைத் தவிர எனக்கென்று இங்கே என்ன இருக்கிறது என்றான்."

கிஸ்லா கம்பளியை உதறிவிட்டு எழுந்தாள்.

"ஒரு வார்த்தை! ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? இரண்டு படைகள் நிற்கின்றன. உங்கள் வாக்கு அதைவிடப் பெரிதா?"

"பெரிதில்லை. நீ வாசலுக்குப் போனதிலிருந்து அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். சொல்லிவிடலாம் என்று நடை வரைக்கும் வந்தேன்."

"வந்து?"

"முக்காட்டை எடுத்துவிட்டு நின்றான். நீ அவன் முகத்தைப் பார்த்தாய். நேராகத்தான் பார்த்தாய். அதற்கு மேல் நான் என்ன சொல்வேன், கிஸ்லா?"

கிஸ்லா உட்கார்ந்தாள். வெளியே தண்ணீர் மடத்துச் சுவரில் மோதிக்கொண்டிருந்தது.

சகோதரி மில்டா துணிச்சுருளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவளுக்கு நடந்தது எதுவும் தெரியாது. அவள் கவலை அவளுக்கு.

"தாயே, அளவு வந்துவிட்டதாமே. எந்த அளவுக்கு வெட்டட்டும்?"

தாய் வெர்பா இரண்டு நூல்களையும் பக்கத்தில் பக்கத்தில் நீட்டி வைத்தார். ஆஸ்ரிக்கின் நூல் இரண்டு விரல் கூடுதல் நீளம்.

"இரண்டுக்கும் வெட்டு."

"இரண்டு போர்வையா? தங்க நூல் ஒன்றுக்குத்தானே இருக்கிறது?"

"ஒன்றுக்குப் போதும். மற்றது வெள்ளையாகவே இருக்கட்டும்."

மில்டாவின் முகம் மாறியது. மெதுவாகச் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு, வேலை வேலைதானே, கத்தரியை எடுத்தாள்.

"எந்த அளவை வெள்ளையாக விடட்டும், தாயே?"

தாய் வெர்பா கிஸ்லாவைப் பார்த்தார். அவள் இரண்டு நூல்களையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஈரக் கை ஒன்று, அவளுக்கே தெரியாமல், இடுப்பருகில் குவிந்து நின்றது.

"காலையில் இவள் என்னிடம் கேட்டதும் அதைத்தான்" என்றார் தாய் வெர்பா.