சொட்டு விடாத கண்ணாடி

ஓர் ஊர் ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்தில், கேலக்டின் என்றொரு குறிப்பான் குப்பிக்குள் குடியிருந்தான். கண்ணாடித் துண்டில் ஒட்டிய தைராய்டுச் சதையின் மெல்லிய சீவல்மேல் அவனைச் சொட்டினால், புற்றணு இருக்கிற இடமாகத் தேடிப் பிடித்துக்கொள்வான். அவன் பிடித்த இடம் பிறகு ஊற்றும் சாயத்தில் பழுப்பாகும். மற்ற இடமெல்லாம் நீலமாகவே நிற்கும். அந்தப் புகழில் அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

பக்கத்தில் எப்போதும், ஒப்பிட்டுப் பார்க்க, கண்ட்ரோல் என்று இன்னொரு கண்ணாடி இருக்கும். அதே சதை, அதே சாயம். கேலக்டினை மட்டும் அவள்மேல் விடமாட்டார்கள்.

"ஒனக்கு இங்க என்ன சோலி?" என்று சீண்டுவான்.

"சும்மா இருக்கதுதான் என் சோலி," என்பாள் அவள்.

ஒருநாள், கடற்கரையில் மீன் ஏலம் கூவும் மரியபுஷ்பத்தின் சதை வந்தது. தைராய்டில் பாதியை ஏற்கெனவே எடுத்திருந்தார்கள். புற்றா இல்லையா என்று சாதாரணச் சாயத்தில் தெரியவில்லை. புற்று என்றால் மீதிப் பாதியும் போகும். கத்தி மறுபடி குரல் நரம்பின் பக்கம் போகும்.

சீவல் முழுக்கப் பழுப்பேறியது. கேலக்டினே திகைத்தான். அவன் எங்கேயும் பிடிக்கவில்லை. பிடிக்க இடமே இருக்கவில்லை. ஆனால் டாக்டர் உமையாள், "அடேயப்பா, எப்படிப் பிடிச்சிருக்கு!" என்றதும் வாயை மூடிக்கொண்டான். வருகிற புகழை வேண்டாமென்று சொல்ல யாருக்கு மனசு வரும்?

டாக்டர் பேனாவைத் திறந்தவர் நிறுத்தினார்.

"ஜெபசீலன், கண்ட்ரோல் எங்க?"

"அது எப்பவும் நீலமாத்தான மேடம் இருக்கும்," என்றார் சாயம் போடும் ஜெபசீலன்.

"இருந்தாலும் குடுங்க. அந்தம்மா தொண்டையாலதான் சோறு திங்குது."

லென்சுக்கடியில், கேலக்டின் சொட்டே படாத அவளும் பழுப்பாக இருந்தாள்.

ஜெபசீலனின் முகம் வெளிறியது. தைராய்டுச் சதைக்குள்ளேயே சாயத்தைப் பழுப்பாக்கும் நொதி ஒன்று உண்டு. அதை முதலில் மருந்தூற்றி அடக்க வேண்டும். அவசரத்தில் அதை விட்டுவிட்டார்.

"நான் பிடிக்கலன்னு எனக்குத் தெரியும், அக்கா," என்று கேலக்டின் கண்ணாடியிடம் குமுறினான். "தெரிஞ்சும் பேசாம இருந்துட்டேன்."



புதிய சீவல்கள் வெட்டி, முறைப்படி மறுபடி செய்தார்கள். இரண்டும் நீலம். உறுதிக்காகச் சொட்டிய மற்ற குறிப்பான்களும் வெறுங்கையோடுதான் திரும்பின. மரியபுஷ்பத்துக்கு இரண்டாம் அறுவை இல்லை என்றானது.

அடுத்த வாரம் ஒரு லாரி டிரைவரின் சதை வந்தது. இந்தமுறை கேலக்டினுக்குப் பிடி கிடைத்தது, இறுகப் பிடித்தான். பழுப்பு ஏறியது. முன்பானால் துள்ளியிருப்பான். இப்போதோ, இதுவும் பொய்ப் பழுப்பாக இருந்து டிரைவர் தப்பிவிடக் கூடாதா என்றிருந்தது.

"அக்கா," என்று தயங்கிக் கேட்டான், "நீயும் பழுப்பாயிட்டன்னு சொல்லேன்."

"இல்லய்யா," என்றாள் அவள். "நான் நீலமாத்தான் இருக்கேன்."