ஏரிக்கரையில் சேந்தனின் நடுகல்

"தாயே, நாளைக்குச் சபையில நான் எந்தப் பக்கம் சேரணும்?"

கேட்டவர் சேந்தன். ஆற்றங்கரையில் பரந்த வயல்களும், அவற்றில் உழைக்க நிறைய அடிமைகளும் வைத்திருந்தவர்.

பதில் சொல்ல வேண்டியவர் மலையடிவாரத்துக் குரத்தியார். பெண் குருவை அந்த நாட்டில் அப்படித்தான் அழைப்பார்கள். சேந்தனைவிட வயதில் இளையவர். அப்போது கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"என்ன தகராறு?"

"வடக்கே சண்டை முடியற மாதிரித் தெரியல. படைக்கு ஆள் இல்ல. அடிமைங்களை விடுவிச்சா அவங்களே வந்து சண்டை போடுவாங்கன்னு தளபதி சொல்றார். துறைமுகத்து வணிகர்களும் அவர் பக்கம். அவங்களுக்கு என்ன, வயலா வாய்க்காலா? விட்டுட்டா நாத்து நடறது யாரு? நெல் இல்லாம படை எதைத் தின்னும்?"

"ம்."

"ரெண்டு பக்கமும் சரிசமமா நிக்குது. என் வாக்குலதான் முடியணும்."

"உங்களுக்குச் சபையில வாக்கு உண்டா?"

சேந்தனுக்குச் சுருக்கென்றது. "என்ன தாயே, எங்க தாத்தா காலத்துலேர்ந்து உண்டு."

குரத்தியார் கீரையை ஓரமாக வைத்துவிட்டு எழுந்தார்.

"வாங்க, ஏரிக்கரை வரைக்கும் போயிட்டு வரலாம்."

போகிற வழியில் கல்தச்சர் வீட்டில் நின்று ஓர் உளியும் சுத்தியும் கேட்டு வாங்கிக்கொண்டார். எதற்கென்று சொல்லவில்லை.

ஏரிக்கரையில் ஒரு நடுகல் இருந்தது. போன மழைக்காலத்தில் நட்டது. போரில் விழுந்த வீரன், கையில் வேல், கீழே பெயர்.

பெயர் சேந்தனுடையது.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. படைக்கு அழைப்பு வந்தால் பண்ணையார்கள் தங்களுக்குப் பதிலாக ஓர் அடிமையை அனுப்புவார்கள். அவன் எஜமானின் பெயரிலேயே போவான், எஜமானின் பெயரிலேயே சாவான். அடிமையின் பெயரைக் கல்லில் வெட்ட மாட்டார்கள். வெட்டினால் அவனும் அவன் குடும்பமும் விடுதலை பெற்றதாக ஆகிவிடும்.

அதனால் அங்கே பல பண்ணையார்கள் தங்கள் நடுகல்லைத் தாங்களே பார்த்துக்கொண்டு, வெற்றிலை மென்றபடி நடமாடினார்கள். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

கல்லின் முன்னால் ஒரு பெண் இலையில் சோறு வைத்துக்கொண்டிருந்தாள். சேந்தனின் பண்ணையில் களை எடுக்கும் எயினி. அவரைக் கண்டதும் பதறி எழுந்து ஒதுங்கினாள்.

"இது யாரு கல்லும்மா?" என்றார் குரத்தியார்.

"ஆண்டையோடதுங்க."

"ஆண்டை இதோ நிக்கறாரே. சோறு யாருக்கு?"

எயினிக்குக் கண் நிறைந்து வழிந்தது.

சேந்தன் இலையைப் பார்த்தார். பண்ணையில் அவளுக்கு அளந்த சோறு அவ்வளவுதான் என்று அவருக்குத் தெரியும். இன்றைக்கு அவளுக்கு வேறு கிடையாது. அவருக்கு வெட்கமாக இருந்தது.

"தாயே, நான் கேட்டதுக்கு..." என்று இழுத்தார்.

"இது உங்க ஊரே கூடி நட்ட கல்லு. நீங்க செத்துட்டதாச் சொல்லுது. செத்தவங்களுக்குச் சபையில வாக்கு ஏது?"

சேந்தன் கல்லில் இருந்த தன் பெயரைத் தடவிப் பார்த்தார்.

பிறகு கையை நீட்டினார். குரத்தியார் உளியையும் சுத்தியையும் கொடுத்தார்.

பண்ணையாருக்குப் பழக்கமில்லாத வேலை. கட்டைவிரலில் போட்டுக்கொண்டார். ஆனாலும் விடவில்லை. தன் பெயரை எழுத்து எழுத்தாகக் கொத்தி எடுத்தார். அந்த இடம் வெள்ளையாகக் கிடந்தது.

அப்போதுதான் தெரிந்தது, அங்கே என்ன வெட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை. தனக்குப் பதிலாகப் போனவனைப் பண்ணையில் மொட்டையன் என்றுதான் கூப்பிடுவார்கள். அதுவும் அவர் வைத்ததுதான்.

"எயினி, அவன் அம்மா வச்ச பேரு என்ன?"

எயினி திகைத்துப் போனாள். அந்தப் பக்கத்தில் பெண்டாட்டி புருஷன் பெயரைச் சொல்லும் வழக்கம் இல்லை. கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவள் அதை வாயால் சொன்னதே இல்லை.

குரத்தியாரைப் பார்த்தாள். கல்லைப் பார்த்தாள்.

"நல்லாதன்" என்றாள், ஏரிக்கரை முழுக்கக் கேட்கும்படி.