பாயின்ட் மாப்பிள்ளை

ஓய்வுபெற்ற அதிகாரி தில்லைநாயகம் ஏற்காட்டில் ஒரு விடுதிக்கு உறுப்பினர். வருடந்தோறும் கிடைக்கும் பாயின்டுகளைக் கொடுத்து அங்கே அறை எடுக்கலாம். இந்த வருடப் பாயின்டுகளை, தெருமுனையில் இஸ்திரி போடும் வேலப்பனுக்கு வாடகைக்கு விட்டார். வேலப்பனுக்குப் புதிதாகக் கல்யாணமாகியிருந்தது.

"குடும்பத்தாரைத்தான் தங்க விடுவாங்க. என் மாப்பிள்ளைன்னு சொல்லிடு."

தீபாவளிக்கு முதல் நாள் வேலப்பனும் மனைவி கோமளாவும் அறைக்குள் நுழைந்தபோது, கட்டிலில் தில்லைநாயகம் படுத்திருந்தார்.

"பாயின்ட் என்னுது, கட்டிலும் என்னுது. நீங்க பால்கனியில படுங்க. குளிரும். போர்வை கொண்டாந்தீங்களா?"

வேலப்பன் பெட்டியுடன் வரவேற்பறைக்குப் போய், முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தான். மேலாளர் பதறி ஓடிவந்தார்.

"தலைதீபாவளிங்க. மாமனார் மோதிரமும் போடல, கட்டிலும் தரல. நாங்க ஊருக்குப் போறோம்."

கூட்டம் கூடியது. பின்னால் இறங்கிவந்த தில்லைநாயகத்தை ஒரு கோயமுத்தூர் அம்மாள் பிடித்துக்கொண்டார். "மாப்பிள்ளையை இப்படியாங்க நடத்துறது?"

மேலாளர் தாழ்ந்த குரலில் கேட்டார்: "உங்க மாப்பிள்ளைதானே சார்? இல்லேன்னா உறுப்பினர் அட்டையை ரத்து பண்ணணும்."

தில்லைநாயகம் தன் மோதிரத்தைத் திருகினார். அது கழலவில்லை. கோமளா சோப்புத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"மெதுவா, அப்பா. விரல் வலிக்கப்போகுது."

மோதிரம் கைமாறியதும் வேலப்பன் அவர் காலில் விழுந்து எழுந்தான்.

"பால்கனி குளிருமே. போர்வை கொண்டாந்தீங்களா மாமா?"